தாட்சண்யம் நோயன்று

பிறர் கேட்டதை மறுக்க மனம் வராமல் தம் நேரத்தையும் பணத்தையும் உடல்நலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருப்பவரிடம் பிறவியிலேயே அமைந்த ஒரு மென்மைக் குறை இருக்கிறது என்றும், 'சென்டாரி' என்னும் மலர்ச்சாற்றை நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு நான்கு துளி என்று நாக்கில் விட்டுக்கொண்டால் அக்குறை நீங்கி, 'முடியாது' என்று சொல்லும் திடம் தானே வந்துவிடும் என்றும் மலர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஹைதராபாத்தில் இக்கூற்று எளிதில் விலைபோகிறது. ஹோமியோபதி ஆழமாக வேரூன்றிய நகரம் அது. ராமந்தாபூரில் உள்ள அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி, சரோஜினி நாயுடுவின் மகனான மருத்துவர் ஜெயசூர்யாவின் பெயரையும் பொட்டி ஸ்ரீராமுலுவின் பெயரையும் சேர்த்துச் சூட்டிக்கொண்டிருக்கிறது. மலர் மருத்துவம் ஹோமியோபதியின் பகுதி அன்று. ஆயினும் அதே கடைகளில், அதே பழுப்பு நிறச் சொட்டுக் குப்பிகளிலும் அதே சர்க்கரை உருண்டைகளிலும் விற்கப்படுவதால், வாங்குவோர் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தமிழர் தாட்சண்யம் என்றும் தெலுங்கர் மொகமாட்டம் என்றும் சொல்லும் குணத்தை இந்த மருத்துவம் நோய்ப்பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தச் சேர்க்கையே தவறு என்பதும், துளிகளில் ஒன்றுமில்லை என்பதைக் காட்டிலும் இத்தவறே பெரிது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

துளிகளைப் பற்றிய கணக்கை முதலில் முடித்துவிடலாம். இம்முறையை வகுத்த எட்வர்ட் பாட்ச் (1886–1936) முறையாகப் படித்த ஆங்கிலேய மருத்துவர், நுண்ணுயிரியலில் தேர்ந்தவர், லண்டன் ஹோமியோபதி மருத்துவமனையிலும் பணியாற்றியவர். 1930 இல் லண்டன் தொழிலை விட்டுவிட்டு நாட்டுப்புறத்துக்குச் சென்ற அவர், நோய் என்பது ஆன்மாவுக்கும் மனத்துக்கும் இடையிலான பிணக்கின் வெளிப்பாடு என்றும், ஒவ்வொரு பிணக்கையும் தீர்க்க ஒரு மலர் உண்டு என்றும் நம்பினார். மலரைத் தேர்ந்தெடுக்க அவர் கையாண்ட கருவி அவருடைய உள்ளுணர்வு ஒன்றே. இறப்பதற்குள் 38 மருந்துகளை அவர் வகுத்து முடித்தார். அவற்றுள் சென்டாரி தொடக்க காலத்தது, 1930 இல் சேர்ந்தது. ஐரோப்பியப் புல்வெளிகளில் சிறிய இளஞ்சிவப்புப் பூக்களோடு வளரும் இச்செடி, சித்த மருத்துவம் அறிந்த வெள்ளருகின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளருகைப் போலவே கடுங்கசப்பானது. பசியின்மைக்கும் செரிமானக் கோளாறுக்கும் அங்கே நெடுங்காலமாகக் கஷாயம் வைத்துக் குடிக்கப்பட்டது.

பாட்ச் வகுத்த செய்முறையில் அந்தக் கசப்புக்கு இடமில்லை. பறித்த பூக்களை ஊற்றுநீர் நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கவிட்டு, சுமார் மூன்று மணிநேரம் வெயிலில் வைத்து, பூக்களை எடுத்துவிட்டு, எஞ்சிய நீரோடு அதே அளவு பிராந்தியைச் சேர்த்தால் கிடைப்பது 'தாய்த் திரவம்'. அதில் இரண்டு துளியை 30 மில்லி பிராந்தியில் கலந்தால் கடையில் விற்கும் குப்பி. அந்தக் குப்பியிலிருந்து இரண்டு துளியை 30 மில்லி நீரில் கலந்தால் நோயாளி உட்கொள்ளும் குப்பி. ஒரு மில்லிக்கு இருபது துளி என்று கொண்டால், ஒவ்வொரு கலவையும் முந்தையதை ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்காக நீர்த்துப்போகச் செய்கிறது. பிராந்தியோடு சரிபாதி கலந்ததையும் சேர்த்தால், நோயாளியின் குப்பியில் இருப்பது பூ மிதந்த நீரில் 1,80,000 இல் ஒரு பங்கு. நாளுக்குப் பதினாறு துளி குடிப்பவரின் வயிற்றுக்குள் போகும் பூநீர், ஒரு மில்லியை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு. அந்தப் பூநீரே பூவைச் சில மணிநேரம் தொட்டுக்கொண்டிருந்த வெறும் நீர்தான். மலர் மருத்துவர்கள் இக்கணக்கை மறுப்பதில்லை. மருந்து பொருளால் வேலை செய்வதில்லை, மலரின் 'அதிர்வு' நீரில் பதிந்து வேலை செய்கிறது என்பார்கள். எந்தக் கருவியாலும் அளக்க இயலாத, எந்தச் சோதனையாலும் பொய்ப்பிக்க இயலாத அதிர்வு அது. பொய்ப்பிக்க வழியே இல்லாத கூற்றை மெய்ப்பித்துக் காட்டவும் வழியில்லை.

அதிர்வு எதுவாயினும் போகட்டும், குடித்தவர் குணமடைகிறாரா என்று பார்க்கலாம் அல்லவா? பார்த்தாயிற்று. இரு குழுக்களுக்கு ஒரே தோற்றமுள்ள குப்பிகளைக் கொடுத்து, ஒன்றில் மலர்ச்சாற்றையும் மற்றொன்றில் வெறும் பிராந்தி நீரையும் வைத்து, எது எது என்பதை நோயாளிக்கும் கொடுப்பவருக்கும் மறைத்துச் செய்யும் ஆய்வுமுறை இதற்கென்றே இருக்கிறது. தேர்வு அச்சம், குழந்தைகளின் கவனக்குறைவு முதலியவற்றுக்கு மலர்ச்சாற்றைக் கொடுத்து நடத்தப்பட்ட, குலுக்கல் முறையில் குழுக்கள் பிரிக்கப்பட்ட ஏழு ஆய்வுகளை எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2010 இல் தொகுத்து ஆராய்ந்தார். போலிமருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு ஒவ்வொன்றிலும் மலர்ச்சாறு அதைவிட மேலாக எதையும் செய்யவில்லை. இந்த எர்ன்ஸ்ட் மாற்று மருத்துவத்தின் பரம்பரை எதிரி அல்லர்; இளமையில் ஹோமியோபதி மருத்துவமனையில் பணிபுரிந்தவர், பின்னர் மாற்று மருத்துவத்தை ஆராய்வதற்காகவே எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் அமைந்த இருக்கையை ஏற்றவர்.

சான்றில்லாத மருந்து வேறொன்றும் ஹைதராபாத்தில் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் மாதம், மிருகசீரிடக் கார்த்தியன்று, நாம்பள்ளி கண்காட்சித் திடலில் பத்தினி குடும்பத்தார் ஆஸ்துமா நோயாளிகளின் தொண்டைக்குள் மூலிகை வைத்த உயிர்மீனை இறக்குகிறார்கள். நகரத்துப் படித்த நடுத்தர வர்க்கம் அதைக் கண்டு சிரிக்கிறது. பகுத்தறிவாளர்களின் எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் பிறகு 'மீன் மருந்து' என்ற பெயர் 'மீன் பிரசாதம்' என்று மாறியதையும் அது தன் வெற்றியாகக் கொண்டாடுகிறது. அப்படிச் சிரித்துவிட்டு வீடு திரும்புபவர் மேசை இழுப்பறையில் மலர்ச்சாற்றுக் குப்பி இருந்தால் அது அவருக்கு முரணாகத் தோன்றுவதில்லை. மீனுக்குக் கூட்டமும் சேறும் வரிசையும் உண்டு. குப்பிக்கு ஆங்கிலப் பெயரும் சீட்டும் உண்டு. சான்று என்ற ஒன்றை மட்டும் தராசில் வைத்தால் இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். பத்தினி குடும்பம் தன் மருந்தை இலவசமாகவேனும் தருகிறது.

இதுவரை சொன்னது பலரும் சொல்லியிருப்பதுதான். மலர் மருத்துவத்தை எதிர்ப்பவர்களிலும் பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிட்டு, 'துளி வேண்டாம், மனநல ஆலோசகரிடம் போங்கள்' என்று அனுப்பிவைக்கிறார்கள். அவ்வாறு அனுப்பும்போது பாட்ச் செய்த நோய்க்கணிப்பை, அதாவது மறுக்க முடியாமை என்பது இன்ன ஆளின் உள்ளே இருக்கும் குறை என்பதை, அவர்களும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். சென்டாரிக்குரிய ஆளைப் பாட்ச் வருணிக்கும் விதம் இதுதான்: அன்பானவர், அமைதியானவர், பிறருக்கு உதவ அளவுமீறித் துடிப்பவர், அத்துடிப்பால் தம் பலத்தை மிஞ்சி உழைத்து, விரும்பி உதவுபவராக இல்லாமல் ஏவலாளாகிவிடுபவர். படிக்கும் எவருக்கும் 'இது நானேதான்' என்று தோன்றும். தோன்றுவதில் வியப்பில்லை. 1948 இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு அவரவர் குணத்தைச் சோதித்து எழுதியதாகச் சொல்லி, எல்லாருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்தார். தம் குணத்தோடு அது பொருந்துவதாக அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக நாலேகாலுக்குச் சற்று அதிகமாகவே மதிப்பெண் போட்டார்கள். புகழும் பரிவும் கலந்த பொதுவான வருணனையை யாரும் தள்ளிவிடுவதில்லை.

மறுக்க முடியாமை ஒரு தனிவகை மனிதரின் குணம் என்பதை உடைக்கும் சோதனை ஒன்று 1970களில் நியூயார்க் சுரங்க ரயிலில் நடந்தது. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் மாணவர்கள், இருக்கையில் இருந்த முன்பின் அறியாத பயணியரிடம் காரணம் எதுவும் சொல்லாமல், 'உங்கள் இருக்கையை எனக்குத் தருவீர்களா?' என்று கேட்டார்கள். முகதாட்சண்யமே இல்லாதவர்கள் என்று பெயரெடுத்த அந்நகரத்தாரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எழுந்து இடம் கொடுத்தார்கள் அல்லது நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவு பேரும் சென்டாரி வகை மனிதர்களாக இருக்க வாய்ப்பில்லை. சோதனையின் இன்னொரு பகுதி இதைவிட முக்கியமானது. ஒருவர் இருக்கை கேட்கப்போகிறார் என்பது முன்கூட்டியே பயணியின் காதில் விழும்படி இருவர் பேசிக்கொண்டு, அதன்பிறகு கேட்டபோது, இடம் தந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். அதே ரயில், அதே ஊர் மக்கள். 'முடியாது' என்ற சொல்லைத் தேடிக்கொள்ளச் சில கணங்கள் கிடைத்தன, அவ்வளவே வேறுபாடு. குணம் என்று சொல்லப்படுவதில் பாதியைச் சில கணங்கள் மாற்றிவிடுமானால், எஞ்சிய பாதியையும் உடலுக்குள் தேடுவதற்கு முன் சூழலில் தேடுவதே முறை.

இங்கே தமிழ் வாசகர் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். தாட்சண்யத்தைப் பழுது என்று தமிழ் மரபு என்றைக்குச் சொன்னது? நட்பினர் நஞ்சையே இட்டாலும் கண்ணெதிரே அதை மறுக்காமல் உண்டு அமைவதை நாகரிகம் என்று வள்ளுவரே போற்றவில்லையா? போற்றியிருக்கிறார். ஆனால் அவர் அதைச் சொல்லும் கண்ணோட்டம் என்ற அதிகாரம் இருக்குமிடம் பொருட்பாலின் அரசியல். ஒற்றாடலுக்கு முந்தைய அதிகாரம் அது. தண்டிக்கும் வல்லமை உள்ளவன் அதைப் பயன்படுத்தாமல் அடங்குவது பற்றிய அறிவுரை, மறுத்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுபவரின் இசைவுக்குச் சான்றாகாது. மறுக்க முடிந்தவர் மறுக்காதிருப்பதும் மறுக்க முடியாதவர் மறுக்காதிருப்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கலாம். மலர் மருத்துவத்தின் அடிப்படைப் பிழை, இரண்டாமவரைப் பார்த்து, அவர் முதலாமவரைப் போல மனம் இளகியதால்தான் இசைந்தார் என்று முடிவுகட்டுவது.

இப்பிழை எவ்வளவு பெரியது என்பதை அறிய ஹைதராபாத்தின் சொந்த வரலாறே போதும். பாட்ச் சென்டாரியைக் கண்டெடுத்த அதே 1930 இல், நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட மேடக் மாவட்டத்து ஜோகிப்பேட்டையில், சுரவரம் பிரதாபரெட்டியின் தலைமையில் ஆந்திர மகாசபையின் முதல் மாநாடு கூடியது. அன்றைய தெலங்கானாவின் ஊர்களில் நிலவியது வெட்டிச் சாக்கிரி, அதாவது கூலியில்லாக் கட்டாய உழைப்பு. தேஷ்முக் என்றும் தொர என்றும் அழைக்கப்பட்ட நிலவுடைமையாளரின் வீட்டுக்குச் சலவைத் தொழிலாளி துணி வெளுக்க வேண்டும். செருப்புத் தைப்பவர் தம் தோலில் தைத்துத் தர வேண்டும். குயவர் பானை தர வேண்டும். நெசவாளர் துணி தர வேண்டும். தலித் குடும்பங்கள் வீட்டுக்கொரு ஆளை ஏவலுக்கு அனுப்ப வேண்டும். அழைக்கப்பட்டவர் 'உன் அடிமை, தொரையே, காலைத் தொடுகிறேன்' என்ற பொருளில் 'பாஞ்சன் தொர, கால்மொக்தா' என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றார். பாட்சின் குணப்பட்டியலை வைத்துக்கொண்டு அன்றைய வாரங்கல், நல்கொண்டா ஊர்களில் ஒருவர் நடந்திருந்தால், ஆயிரக்கணக்கான சென்டாரி நோயாளிகளைக் கண்டிருப்பார்: பணிவானவர்கள், எதற்கும் மறுப்புச் சொல்லாதவர்கள், தம் பலத்தை மிஞ்சி உழைப்பவர்கள்.

அவர்களுள் ஒருவர் பாலகுர்த்தியைச் சேர்ந்த சலவைத் தொழிலாளி சித்யால ஐலம்மா. குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட நிலத்தின் விளைச்சலைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி விஸ்னூர் தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டி வற்புறுத்தியபோது அவர் மறுத்தார். அந்த மறுப்பு எங்கிருந்து வந்தது என்பதே இங்கு கேள்வி. அவருடைய இயல்பான துணிச்சலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அவர் சங்கத்தில் சேர்ந்த பிறகே மறுத்தார் என்பதை மறந்துவிடவும் கூடாது. மக்கள் சங்கம் என்றே அழைத்த ஆந்திர மகாசபையின் தொண்டர்கள், கதிரை அள்ளிச்செல்ல தேஷ்முக் ஏவிய ஆட்களை விரட்டியடித்து, தாங்களே அறுவடை செய்து தானியத்தை ஐலம்மாவின் வீட்டில் கொண்டு சேர்த்தார்கள். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் சங்கத் தொண்டர் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்ட பின் இந்த எதிர்ப்பு ஆயுதப் போராட்டமாக வளர்ந்து 1951 வரை நீடித்தது. தலைமுறை தலைமுறையாக 'கால்மொக்தா' சொன்ன மக்கள், சில ஆண்டுகளுக்குள் ஊர் ஊராக எழுந்து நின்று முடியாது என்றார்கள். அச்சில ஆண்டுகளில் அவர்களுடைய பிறவிக்குணம் மாறவில்லை. தனியாக மறுப்பவரை அடித்து வீழ்த்தலாம், ஊரே மறுத்தால் இயலாது என்ற நிலை உருவாயிற்று. கோட்டியில், பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி மாளிகை நிற்கும் வளாகத்தில் இயங்கும் மகளிர் பல்கலைக்கழகத்துக்கு 2024 இல் தெலங்கானா அரசு ஐலம்மாவின் பெயரைச் சூட்டியது. (முன்சொன்ன ஹோமியோபதிக் கல்லூரி பெயர் தாங்கும் ஜெயசூர்யா 1952 இல் மேடக் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றது, இப்போராட்டத்தை நடத்திய இடதுசாரிகள் போட்டியிட்ட மக்கள் ஜனநாயக முன்னணியின் சார்பில். மருந்துக் குப்பியால் தீராத நோய் எது என்பது அந்த மருத்துவருக்குத் தெரிந்திருந்தது.)

வெட்டிச் சாக்கிரி வேறு, மாதாபூரில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள் பணியாளரின் சங்கடம் வேறு என்று சொல்லப்படலாம். வேறுதான், துன்பத்தின் அளவில் இரண்டையும் ஒப்பிடுவது அநியாயம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேலாளர் அனுப்பும் 'திங்கள் காலைக்குள் முடித்துவிடலாமா?' என்ற செய்திக்கு அவர் 'சரி' என்று பதில் எழுதுவதற்கும் காரணம் அவருடைய நரம்பில் இல்லை. தெலங்கானாவின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1988) வேலை நேரத்துக்கும் விடுமுறைக்கும் வரம்பு வகுக்கிறது. அவ்வரம்புகளைச் சொல்லும் சில பிரிவுகளிலிருந்து தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு மாநில அரசு ஆணைகள் வழியாக விலக்கு அளித்து வந்திருக்கிறது. சட்டம் பணியாளரின் சார்பில் சொல்லியிருக்க வேண்டிய 'முடியாது'வை அரசே திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு, அதே சொல்லைத் தனியாளாக, அப்ரைசலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், வீட்டுக்கடன் தவணையை வைத்துக்கொண்டு அவர் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால், மென்மையான மனம் அவருக்கு என்று குப்பியை நீட்டுகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கோ சட்டத்தின் வரம்பும் இல்லை, விலக்கும் இல்லை. 'விருந்தாளி வந்திருக்கிறார்கள், இன்று கொஞ்சம் இருந்துவிட்டுப் போ' என்பதற்கு அவர் தலையசைப்பதை யாரும் நோய் என்றுகூடச் சொல்வதில்லை. தாட்சண்யம் நோயாவது குப்பி வாங்கக் காசுள்ளவருக்கு மட்டுமே என்பதைப் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தனியாள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. அதற்கும் மலருக்கும் தொடர்பில்லை. ஆண்ட்ரூ சால்டர் 1949 இலும் ஜோசஃப் வோல்பே 1958 இலும் எழுதிய நூல்களிலிருந்து வளர்ந்த துணிவுரைப் பயிற்சி என்ற முறை, மறுப்பை ஒரு திறனாகக் கொள்கிறது. நீச்சலைப் போல அது பழகினால் வருவது. பயில்பவர் ஒரு குறிப்பிட்ட சூழலை, ஒரு குறிப்பிட்ட ஆளை எடுத்துக்கொண்டு, சொல்லப்போகும் வாக்கியத்தைப் பயிற்சியாளரின் முன் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார். எதிராளி என்ன பதில் சொல்வார் என்பதைப் பயிற்சியாளர் நடித்துக் காட்டுகிறார். குரலும் பார்வையும் திருத்தப்படுகின்றன. அவசரத்தில் இசைந்துவிடாமல் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று நேரம் வாங்குவதும் கற்பிக்கப்படுகிறது. சுரங்க ரயில் பயணிக்குக் கிடைத்த அந்தச் சில கணங்களையே இப்பயிற்சி வேண்டுமென்றே உண்டாக்கித் தருகிறது. அதற்கும் எல்லை உண்டு. மறுத்தால் அடிவிழும் வீட்டில் இருப்பவருக்கு இப்பயிற்சியை மட்டும் கொடுத்து அனுப்புவது ஆபத்து. எந்த மறுப்பு பழக்கமின்மையால் நின்றுபோகிறது, எந்த மறுப்பு அச்சத்தால் நின்றுபோகிறது என்று பிரித்தறிவது நல்ல பயிற்சியாளரின் முதல் வேலை. குப்பிக்கு அந்த வேலை தெரியாது.

கடைசியாக எஞ்சி நிற்கும் தற்காப்பு, 'குடித்தால் கெடுதல் ஒன்றுமில்லையே, நம்பிக்கையாவது கிடைக்கிறதே' என்பது. கெடுதல் இல்லை என்பதும் முழு உண்மையன்று. பிராந்தியில் செய்த குப்பி மதுவை விட்டொழிக்க முயல்பவர் கையில் இருக்கத் தகாதது; ஐரோப்பாவில் இத்துளிகளைப் பற்றிய ஒரு வழக்கு 2016 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனபோது, ஜெர்மன் நீதிமன்றங்கள் அவற்றை மருந்தாகவே கொள்ளவில்லை, 27 விழுக்காடு மது கலந்த உணவுப் பொருளாகத்தான் கொண்டன. நம்பிக்கையைப் பற்றிச் சொன்னால், மலர் மருத்துவர் ஒரு மணிநேரம் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்பதால் வரும் ஆறுதல் உண்மையானது, அது கேட்டவருக்குச் சேர வேண்டிய பெருமை. கேட்டதற்குக் கூலி வாங்கிக்கொள்ளலாம், தண்ணீருக்கு வாங்குவது தகாது.

பாட்சை முழுதும் படித்தவர்கள் இன்னொரு பதிலையும் வைத்திருக்கிறார்கள்: அவர் ஏவலுக்கு அடங்குபவரை மட்டும் குறிவைக்கவில்லை, பிறரை அடக்கி ஆள்பவருக்கும் 'வைன்' என்ற திராட்சைக்கொடி மலர்ச்சாற்றைத் தந்திருக்கிறார் என்பது அது. தந்திருக்கிறார்தான். ஆனால் தம் சொல்லே ஊரின் சட்டமாக நடக்கும்வரை அடக்கி ஆள்பவருக்குத் தம்மிடம் குறை இருப்பதாகத் தோன்ற நியாயமில்லை. நோயாளி தாமாக வந்து தம் குறையைச் சொல்லித்தான் மருந்து பெற வேண்டும் என்று அமைந்த முறையில் சென்டாரிக் குப்பி விற்றுக்கொண்டே இருக்கும். திராட்சைக்கொடிக் குப்பி அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். விஸ்னூர் தேஷ்முக் தம் கோபத்துக்கு மருந்து கேட்டு யாரிடமும் போகவில்லை. பாலகுர்த்தி வயலில் அவருடைய ஆட்கள் வெறுங்கையோடு திரும்பியது, அங்கே சங்கத்தார் தடியோடு நின்றிருந்ததால்.